துடுப்பின் இலக்கணம்

விழுப்புரம் என்றதும் இரயில் சந்திப்பையும், திண்டிவனம் என்றதும் பல திசைகளுக்குப் பிரியும் நெடுஞ்சாலைகளையும் நினைத்துக்கொள்ளும் பிரயாணிகளுக்கு, இவ்வூர்களைச் சூழ்ந்த பிரதேசம் பழங்காலத்திலேயே கழியும் கடலும் சார்ந்த நாடாக இலக்கியத்தில் இடம்பெற்றது என்பது அநேகமாகத் தெரிந்திராது. சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனாகிய நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாட்டின் கிடங்கில், இன்றைய திண்டிவனத்துக்குள்ளேயே கிடங்கல் என்ற பெயரோடு இருக்கிறது. அந்நாட்டின் கடற்கரைப் பட்டினமாகிய எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலருடைய அபிப்பிராயம். நூலைப் பாடிய நத்தத்தனாருக்குரிய இடைக்கழிநாடோ, மரக்காணத்துக்கு வடக்கே கழிக்கும் கடலுக்கும் நடுவில் இன்றும் அதே பெயரால் வழங்கி வருகிறது.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் கண்ணில் படும். அவற்றுக்குத் தெற்கே வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவேலி, பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து கோடையில் பெரும்பகுதி வற்றிப்போகும் இந்த நீர்ப்பரப்பு, எடையந்திட்டுக் கழிமுகத்தின் வழியாக வங்கக் கடலோடு உறவு வைத்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலிக்கு, 2024-ஆம் ஆண்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்தும் கிடைத்தது. ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாகச் சுமார் 420 கிலோமீட்டர் நீளத்துக்கு வந்த பக்கிங்காம் கால்வாய் முடிவடைவதும் இந்த மரக்காணத்திலேதான். 1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கி, தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நடுப்பகுதி வெட்டப்பட்டு, அன்றைய கவர்னரின் பெயரைப் பெற்ற அந்தக் கால்வாயில், உப்பும் விறகும் தானியமும் ஏற்றிய படகுகள் கோல் ஊன்றியும், பாய் விரித்தும், கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்கப்பட்டும் போய்வந்த காலம் ஒன்று உண்டு.

இப்போது இந்தக் கிழக்குக் கரையின் கழிகளில் வேறு விதமான ஓடம் ஒன்று தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்துக் கழியிலும், சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும், பிச்சாவரத்து அலையாத்திக் காடுகளிலும் விடுமுறை நாட்களில் இளைஞர்கள் ஏறிப் பழகும் கயாக்கைத்தான் சொல்கிறேன். கிரீன்லாந்து முதலிய வடதுருவப் பிரதேசங்களில் வாழும் இனுயிட் மக்கள், மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்து, வேட்டைக்காகச் செய்துகொண்ட ஒடுங்கிய ஓடம் அது. ஒருவர் மட்டும் நீர்மட்டத்தை ஒட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் பலகையுள்ள ஒரே துடுப்பால் இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வலிப்பது அதன் விசேஷம். ஒரு பக்கம் மட்டும் பலகையுள்ள துடுப்பைக் கொண்டு வலிக்கப்படும் ஓடத்துக்குக் கனோ என்று பெயர். அவ்வகையில் நம் கட்டுமரம், கயாக்கைவிடக் கனோவுக்கே நெருங்கிய உறவு. 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், அர்ஜுன் சிங்கும் சுனில் சிங்கும் இந்தியாவுக்கு வெண்கலம் வென்று தந்தது இருவர் வலிக்கும் கனோவில்தான். 1994-க்குப் பிறகு இவ்விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

கயாக் ஏறப் போகிறவர் எல்லோரும் ஓடத்தின் நிறத்தையும் நீளத்தையும் கவனித்துப் பார்க்கிறார்கள். துடுப்பையோ, எது கைக்கு வந்ததோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். நாள் முழுவதும் கையில் இருக்கப்போவதும், ஒவ்வொரு க்ஷணமும் நீரோடு பேசப்போவதும் துடுப்பே என்பதால், இந்த அலட்சியத்துக்குரிய தண்டனையை மாலையில் தோள் அனுபவிக்கிறது. ஆகையால் துடுப்பைத் தேர்ந்தெடுப்பதற்கும், அதை வலிப்பதற்கும் உரிய இலக்கணத்தைச் சற்றே நிதானமாக ஆராய்வது பிரயோஜனமுள்ள காரியமாகும்.

முதலில் நாம் விட்டொழிக்க வேண்டியது, துடுப்பு என்பது நீரைப் பின்னால் தள்ளுகிற கருவி என்ற எண்ணத்தை. ஆழமற்ற கழியில் கோல் ஊன்றிப் படகு செலுத்துகிற ஒருவரைக் கூர்ந்து பார்த்தால் உண்மை விளங்கும். கோலின் நுனி சேற்றில் பதிந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. அதைப் பற்றிய கைகளும், கைகளைத் தாங்கிய உடலும், உடலைத் தாங்கிய படகும் அக்கோலைக் கடந்து முன்னே போகின்றன. நகர்வது படகேயன்றிக் கோல் அன்று. துடுப்பின் வேலையும் சாராம்சத்தில் அதுவே. நீர் சேற்றைப் போல் உறுதியாக நில்லாது வழுக்கிக் கொடுப்பதனால், துடுப்பின் பலகை சிறிது பின்னே நழுவத்தான் செய்யும். அந்த நழுவலை எவ்வளவுக்கெவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு நம்முடைய சக்தி ஓடத்தின் வேகமாக மாறுகிறது. கொஞ்சம் நீரை வெகு வேகமாகத் தள்ளுவதைக் காட்டிலும், நிறைய நீரை மெதுவாகத் தள்ளுவது சக்திச் சிக்கனம் என்று பௌதிக சாஸ்திரம் கூறுவதும் இதையே. துடுப்பு நீரைப் பற்றிக்கொள்வதற்கான கருவி என்ற இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், தேர்வு, பிடி, வலிப்பு ஆகிய மற்ற விதிகள் எல்லாம் அதிலிருந்து தாமாகவே பிறக்கக் காணலாம்.

அப்படியானால் பலகை பெரிதாக இருக்க இருக்க நல்லதுதானே என்ற கேள்வி எழும். பெரிய பலகை நீரை இறுகப் பற்றும் என்பது வாஸ்தவம். ஆனால் ஒவ்வொரு வலிப்பிலும் அதற்கு வேண்டிய பலத்தைச் சராசரி மனிதனின் தோள் நெடுநேரம் கொடுக்க இயலாது. மலையாற்று வெள்ளத்தில் சில நிமிஷங்கள் போராடுகிறவருக்கும், பந்தயத்தில் 500 மீட்டர் பாய்கிறவருக்கும் பொருந்துகிற பலகை, கழியில் இரண்டு மூன்று மணி நேரம் உலாவ விரும்புகிறவருக்குப் பகையாகிவிடும். உலாவுவதற்குரிய துடுப்புகளில் ஒரு பலகையின் பரப்பு ஏறக்குறைய 600 முதல் 700 சதுர சென்டிமீட்டர் வரை இருப்பது வழக்கம். உடல் மெலிந்தவர்கள் இதற்குச் சிறிது குறைந்ததைத் தேர்ந்துகொண்டு, நிமிஷத்துக்குச் சில வலிப்புகள் கூடுதலாகப் போடுவதே உத்தமம்.

நீளத்தைத் தீர்மானிப்பதில் இரண்டு அளவுகள் சேர்ந்து பேசுகின்றன. ஒன்று வலிப்பவரின் உயரம், மற்றொன்று ஓடத்தின் அகலம். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் 60 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒடுங்கிய கயாக்கில் அமர்ந்தால் 220 சென்டிமீட்டர் துடுப்பு போதும். அவரே, சுற்றுலாத் தலங்களில் வாடகைக்கு விடப்படும், மேலே உட்கார்ந்து செலுத்துகிற அகன்ற பிளாஸ்டிக் ஓடத்தில் ஏறினால் 230 அல்லது 240 சென்டிமீட்டர் வேண்டியிருக்கும். குட்டையான துடுப்பானால் ஓடத்தின் விளிம்பைத் தாண்டி நீரை எட்டுவதற்காக ஒவ்வொரு தடவையும் உடம்பைச் சாய்க்க நேரும்; மிக நீண்டதானால் பலகை ஓடத்திலிருந்து விலகி விழுந்து, முன்னே செலுத்துவதற்குப் பதிலாக ஓடத்தைத் திருப்பிக்கொண்டேயிருக்கும். கிரீன்லாந்துக்காரர்கள் இதற்கு அளவுகோல் எதையும் தேடவில்லை. இரு கைகளையும் விரித்த நீளத்தோடு ஒரு முழம் சேர்த்தது துடுப்பின் நீளம் என்று, அவரவர் சரீரத்தையே அளவாக்கிக்கொண்டு, கடல் அடித்து ஒதுக்கிய மரத்தில் ஒடுங்கிய பலகையுள்ள துடுப்பைச் செதுக்கினார்கள். நீண்ட தூரம் போகிற பலர் அவ்வகைத் துடுப்பை இன்றைக்கும் விரும்பிக் கைக்கொள்கிறார்கள்.

வலிக்கும் பாணியும் தேர்வில் சம்பந்தப்பட்டது. துடுப்பை ஏறக்குறைய செங்குத்தாக நிறுத்தி, ஓடத்தின் பக்கத்தை ஒட்டியே வலிப்பது ஒரு பாணி; இதில் வேகம் அதிகம், ஓடமும் நேரே செல்லும், ஆனால் மேற்கை முகத்தின் மட்டத்துக்கு உயர வேண்டியிருப்பதால் களைப்பும் அதிகம். குட்டையான காம்பும், குறுகி அகன்ற பலகையும் இதற்கு உரியவை. துடுப்பைப் படுக்கை வாட்டத்தில் பிடித்து, கைகளை மார்புக்கு மேல் உயர்த்தாமல் நிதானமாக வலிப்பது மற்றொரு பாணி. நீண்ட காம்பும், ஒடுங்கி நீண்ட பலகையும் இதற்குப் பொருத்தம். பறவைகளைப் பார்த்துக்கொண்டே கழியில் போக விரும்புகிறவருக்கு இரண்டாவதே போதுமானது.

காம்பும் பலகையும் எதனாலானவை என்பது பணப்பையைப் பொறுத்த விஷயமாகத் தோன்றினாலும், அதற்கும் ஒரு கணக்கு உண்டு. அலுமினியக் காம்பும் பிளாஸ்டிக் பலகையும் கொண்ட சாதாரணத் துடுப்பு ஒரு கிலோவுக்குக் குறையாமல் இருக்கும். கண்ணாடி இழையாலானது 900 கிராம் அளவிலும், கார்பன் இழையாலானது 700 கிராம் அளவிலும் இருக்கும். 300 கிராம் வித்தியாசம் அற்பமாகப் படலாம். ஆயினும் நிமிஷத்துக்கு 60 வலிப்பு வீதம் ஒரு மணி நேரத்தில் 3,600 தடவை துடுப்பைத் தூக்குகிறோம் என்றால், அந்த அற்ப வித்தியாசம் ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட பாரமாகக் கைகளின் மேல் ஏறிவிடுகிறது. இருந்தபோதிலும் எடையிற் குறைந்ததே எங்கும் சிறந்தது என்று முடிவு கட்டுவதற்கில்லை. ஆழம் குறைந்து, அடியில் சேறும் ஓரங்களில் சிப்பி ஒட்டிய கற்களும் உள்ள கழிகளில், கார்பன் பலகையின் மெல்லிய விளிம்பு ஒரே மோதலில் சிதைந்துவிடக் கூடும். பிளாஸ்டிக் பலகையோ கீறல்களை வாங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் உழைக்கும். முதல் வருஷம் பிளாஸ்டிக், பழகிய பின் கண்ணாடி இழை என்பது நியாயமான ஏற்பாடு.

கடையில் துடுப்பைக் கையில் எடுத்ததும் கவனிக்க வேண்டிய சில அடையாளங்கள் இருக்கின்றன. பலகையின் ஒரு முகம் சற்றுக் குழிந்திருக்கும்; வலிக்கும்போது அந்த முகமே நம்மை நோக்க வேண்டும். பலகையின் மேல் விளிம்பு நீண்டும் கீழ் விளிம்பு குறுகியும் இருப்பது பிழையன்று. துடுப்பு சாய்வாக நீரில் இறங்கும்போது இரு பாதியிலும் நீர் சமமாக அழுத்த வேண்டும் என்பதற்காகச் செய்த யுக்தி. முதல் நாளில் துடுப்பைத் தலைகீழாகவோ முன்பின்னாகவோ பிடிக்காதவர் அபூர்வம். காம்பின் நடுவில் உள்ள இணைப்பைத் திருகி, ஒரு பலகையை மற்றதற்குக் கோணலாக நிறுத்தும் வசதியும் உண்டு. நீருக்குள் ஒரு பலகை வேலை செய்யும்போது மேலே உயர்ந்து நிற்கும் மற்றது எதிர்காற்றில் தடையாகாமல், விளிம்பால் காற்றைக் கிழித்துச் செல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். முற்காலத்தில் இக்கோணம் 90 பாகை வரையிலும் வைக்கப்பட்டது. ஒவ்வொரு வலிப்புக்கும் மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருந்து அதனால் நோவு கண்டமையால், இப்போது 30 முதல் 45 பாகையோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். புதிதாகக் கற்பவர் கோணமே இல்லாமல் தொடங்கலாம். பலகைக்குச் சற்று உள்ளே காம்பில் மாட்டியிருக்கும் இரப்பர் வளையத்தையும் கழற்றி எறிந்துவிட வேண்டாம். உயர்ந்த பலகையிலிருந்து காம்பு வழியே வழிந்து, முழங்கையை நனைத்து, மடியில் சொட்டுகிற உப்பு நீரை வழியிலேயே தடுத்து நிறுத்துவது அதுதான்.

இனி வலிக்கும் முறை. காம்பின் நடுவைத் தலையுச்சியில் வைத்துப் பிடித்து, இரு முழங்கைகளும் செங்கோணமாக மடங்கும்படி கைகளை அமைத்தால் அதுவே பிடிக்குரிய இடம். பிடி இறுகலாகாது. விரல்கள் வெளுக்கும்படி இறுக்கிப் பிடிக்கிறவருக்கு, கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே அரை மணி நேரத்தில் கொப்புளம் எழும்பும். மேற்கை தள்ளும்போது அதன் விரல்களைச் சற்று விரித்து, உள்ளங்கையால் மட்டும் காம்பைத் தாங்குவது அனுபவசாலிகளின் வழக்கம்.

ஒரு வலிப்பில் பற்று, இழுப்பு, விடுப்பு என மூன்று அங்கங்கள் உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்து, வலப்பக்கம் வலிப்பதானால் வலத் தோள் முன்னே வரும்படி இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, பாதத்துக்கு நேராகப் பலகையை நீரில் இறக்குவது பற்று. பலகை முழுவதும் நீருக்குள் மறைந்த பிறகே பலத்தைக் கொடுக்க வேண்டும். ‘சளக்’ என்ற சப்தமும் தெறிக்கும் துளியும் அவசரத்தின் அடையாளங்கள், ஏனெனில் பாதி மறைந்த பலகை காற்றையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு நழுவிவிடுகிறது. பிறகு வலக்கையை மடக்காமல் ஏறக்குறைய நேராகவே வைத்துக்கொண்டு, திருகியிருந்த உடம்பை மறுபக்கம் அவிழ்ப்பதே இழுப்பு. அதே கணத்தில் வலது பாதம் ஓடத்தின் கால்தாங்கியை அழுத்த வேண்டும். நீரைப் பற்றிய துடுப்பிலிருந்து வருகிற விசை ஓடத்தை அடைவதற்கு அந்தப் பாதமும் ஆசனமுமே வழி. பலகை இடுப்புக்கு நேரே வந்ததும் பக்கவாட்டில் அதை உருவி எடுப்பது விடுப்பு. இடுப்பைத் தாண்டியும் இழுத்தால், பலகை நீரை மேல்நோக்கித் தூக்கி ஓடத்தின் பின்புறத்தை அமுக்குவதோடு, திசையையும் திருப்பிவிடும். வலப்பக்கம் விடுத்த நிலையில் உடம்பு இயல்பாகவே இடப்பக்கத்துப் பற்றுக்குத் தயாராக இருக்கும்.

தயிர் கடைகிற பாட்டி கயிற்றின் இரு முனைகளையும் மாற்றி மாற்றி இழுக்கும்போது முழங்கை மட்டும் அசையாமல் தோள்களும் இடுப்பும் சேர்ந்து திரும்புவதைக் கவனித்தவர்களுக்கு, இந்த அப்பியாசத்தை விளக்க வேறு வார்த்தை தேவையில்லை. புஜத்தின் தசைகள் சிறியவை, விரைவில் களைப்பவை. முதுகிலும் வயிற்றின் இருபுறத்திலும் உள்ள தசைகள் பெரியவை, நெடுநேரம் உழைப்பவை. கையை மடக்கி இழுக்கிறவர் சிறிய தசையிடம் பெரிய வேலையை ஒப்படைக்கிறார். 1980-களில் சுவீடனில் உருவாகிப் பந்தயங்களில் பரவிய சிறகுத் துடுப்பும் இந்த உடல் திருப்பத்தையே ஆதாரமாகக் கொண்டது. விமானத்தின் இறக்கையைப் போல் வளைந்த அதன் பலகை, இழுப்பின்போது ஓடத்தைவிட்டு வெளிநோக்கி விலகிச் செல்வதால், எப்போதும் அசையாத புது நீரைப் பற்றி நழுவலை இன்னும் குறைத்துவிடுகிறது.

முன்னே போகக் கற்றவர் திரும்பவும் நிற்கவும் கற்க வேண்டும். பாதத்தின் பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்புறம் வரையில் பலகையை ஓர் அகன்ற அரைவட்டமாகச் செலுத்தினால், ஓடம் எதிர்ப்பக்கம் திரும்பும்; பின்னிருந்து முன்னாகச் செய்தால் அதே பக்கம் திரும்பி வேகமும் தணியும். ஓடம் ஒரு பக்கம் சாயத் தொடங்கும் தருணத்தில், பலகையின் குழியாத முதுகை நீரின் மேல் படுக்கப் போட்டு ஓர் அடி அடித்துக்கொண்டே, இடுப்பைச் சுண்டி ஓடத்தை நிமிர்த்துவது கவிழாமல் காக்கும் வித்தை. இதைக் கரையோரத்தில் இடுப்பளவு நீரில் பல தடவை பழகிக்கொள்ள வேண்டும். ஆழத்துக்குப் போன பிறகு நினைத்துப் பார்த்துச் செய்யும் அவகாசம் இராது.

இந்தக் கரைக்கே உரிய சில எச்சரிக்கைகளும் உள. நடுப்பகலுக்கு மேல் கடற்காற்று வீசத் தொடங்கினால், காலையில் கண்ணாடியாயிருந்த கழி சிற்றலைகளால் நிறைந்துவிடும். ஆகவே விடியற்காலையில் புறப்பட்டு, முதலில் காற்றை எதிர்த்துச் சென்று, திரும்புகையில் காற்றைத் துணையாகக் கொள்வது விவேகம். நம் கரையில் கடலின் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கு மேற்படுவது அரிதேயானாலும், ஒடுங்கிய கழிமுகத்தில் வற்றத்தின்போது நீர் கடலை நோக்கிப் பலமாக இழுக்கும். புதியவர்கள் முகத்துவாரத்தை நெருங்கவே கூடாது. நீச்சல் தெரிந்தவரும் மிதவைச் சட்டை அணியாமல் ஏறலாகாது. கழுவேலி சரணாலயமாதலால் வனத்துறையின் அனுமதியின்றி அதில் ஓடம் இறக்குவது சட்ட விரோதம். வலசைப் பறவைகள் தங்கும் மாதங்களில், அனுமதியுள்ள கழிகளிலும்கூட அவற்றின் கூட்டத்துக்கு வெகு தூரத்திலேயே துடுப்பை நிறுத்திவிட வேண்டும். வீடு திரும்பியதும் துடுப்பின் நடு இணைப்பைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தாவிட்டால், அலுமினியத்தில் வெள்ளையாய் உப்புப் பூத்து, இரண்டு பாதிகளும் பிரிக்க முடியாதபடி இறுகிப்போகும்.

ஓர் உபதேசம் பாக்கியிருக்கிறது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகளும் இயந்திரங்களும் ஏராளமாக வந்துவிட்டமையால், கட்டுமரத்தின் மேல் மண்டியிட்டும் நின்றும் துடுப்பு வலித்துக் கடலுக்குப் போனவர்கள் இன்று குப்பங்களில் முதியவர்களாக இருக்கிறார்கள். கயாக்கைக் கண்ணால் கண்டிராத அப்பெரியவர்களில் ஒருவரிடம் துடுப்பைக் கொடுத்து ஓடத்தின் ஓரத்தில் அமரச் சொல்லிப் பாருங்கள். பலகை முழுகும் வரை காத்திருப்பதையும், கையை மடக்காமல் முதுகால் இழுப்பதையும் அவர் யாரிடமும் கேட்காமலே செய்வார். பயிற்சிக்கு ஆள் கிடைக்காத ஊர்க்காரர் தம்மைத் தாமே பரீட்சித்துக்கொள்ளவும் ஒரு சுலபமான வழி உண்டு. அன்றைய மாலையில் புஜங்களும் மணிக்கட்டும் வலித்தால், வலித்த முறை தவறு, அல்லது துடுப்பு பொருந்தவில்லை. விலாவின் இருபுறமும் முதுகும் களைத்துக் கைகள் சுகமாக இருந்தால், வாங்கிய துடுப்பும் கற்ற வித்தையும் சரியானவை என்று தைரியமாக மறுநாளும் புறப்படலாம்.